கையும் மூஞ்சியும்

இல்ல பாஸ்டர், வேணாம். மூணாவது தடவையா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. லிஸ்ட்ல இருந்து என் பேரை அடிச்சுடுங்க. கேடயமும் வேணாம், மேடையில நின்னு சாட்சி சொல்றதும் வேணாம், அந்த வீடியோ சுத்தமா வேணாம். ஐயோ, அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இந்த நாற்காலிக்கு வாங்க. துணியை அப்படியே ஓரமா தள்ளிட்டு உக்காருங்க, பரவால்ல, எல்லாம் தைச்சு முடிச்சதுதான். வாங்கிட்டுப் போகத்தான் ஆள் வரல.

பேண்ட் கொண்டு வந்திருக்கீங்களா. குடுங்க. நீளத்தைக் குறைக்கணுமா? எவ்வளவு, ரெண்டு விரல்? சரி. பேண்ட் ஒரு சாக்குன்னு எனக்குத் தெரியாதா பாஸ்டர். உங்க வீட்டுல தையல் மெஷின் இருக்கு, உங்க வீட்டம்மா என்னை விட நல்லா மடிச்சுத் தைப்பாங்க. இருக்கட்டும். வந்தது வந்துட்டீங்க, கையோட முடிச்சுக் குடுத்துடறேன். கை ஏதாவது செஞ்சுட்டிருந்தாத்தான் எனக்கு வாயும் ஓடும்.

அடக்கம் எல்லாம் இல்லைங்க. அடக்கமானவங்களைப் பாத்ததில்லையா நீங்க? நான் அந்த ஜாதி இல்ல. யாராவது நாலு வார்த்தை பாராட்டினா ஒரு வாரத்துக்கு அதையே அசை போடுவேன். இருபத்திரண்டு வருஷம் அந்த இடத்துல நின்னிருக்கேன், ஒருத்தரும் ஒரு நன்றி சொல்லலையேன்னு ஒரு காலத்துல ஏங்கினதும் உண்டு. இப்ப தேடி வந்து குடுக்கறீங்க. பசிச்சப்போ கிடைக்கல, இப்ப இலை போட்டு உக்கார வைக்கறீங்க.

நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க. முழு மனசோட ஆராதனை செய்யறதுன்னா என்னன்னு இந்த அக்காவைப் பாத்துக் கத்துக்குங்கன்னு சபை முன்னாடி சொல்லப் போறீங்களாமே. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆகாது. வேற ஏதாவது சொல்லுங்க. நேரத்துக்கு வர்றாங்கன்னு சொல்லுங்க. மழையானாலும் வெயிலானாலும் வந்து நிக்கறாங்கன்னு சொல்லுங்க, அது உண்மை. முழு மனசுன்னு மட்டும் சொல்லாதீங்க.

ஏன்னு கேட்டா எப்படிச் சொல்ல. சொன்னா நீங்க என்னை அந்த இடத்துல இனிமே நிக்க விட மாட்டீங்க. சொல்லாம மேடை ஏறினா அது பொய்ச் சாட்சி. ஊர் உலகத்துல இருக்கிற எல்லா சபைக்கும் வீடியோ அனுப்பப் போறேன், காது கேக்காதவங்க எங்கெங்க இருக்காங்களோ அத்தனை பேரும் பாப்பாங்கன்னு சொன்னீங்களே, அப்பவே பேரை அடிச்சுடுங்கன்னு சொல்லிட்டேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோத்துக்குள்ள மறைக்கிறது? அவங்க பாத்தா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுடும். வேற யாரோ வந்து சொல்லி நீங்க தெரிஞ்சுக்கறதுக்கு நானே சொல்லிடறேன். கொஞ்சம் பொறுங்க. அந்தக் கத்தரிக்கோலை எடுங்க, உங்க முட்டிகிட்ட இருக்கு பாருங்க.

நீங்க வந்து ஒன்றரை வருஷம்தானே ஆகுது, உங்களுக்கு முழுசா தெரியாது. நான் சபையில இந்தச் சைகை வேலைக்கு வந்ததே என் தங்கச்சிக்காகத்தான். அவளுக்கு ரெண்டு வயசுல காய்ச்சல் வந்து காது போச்சு. எனக்கு அப்ப ஏழு வயசு. அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க, அவ என் இடுப்புல. அவளுக்குப் பசிக்குதா தூக்கம் வருதான்னு தெரிஞ்சுக்கவே நாங்க ரெண்டு பேரும் ஒரு பாஷையை உண்டாக்கிட்டோம். பெறகு அவ காது கேக்காதவங்க பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒழுங்கான சைகையைக் கத்துட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடுத்தா. தப்பாச் செஞ்சா கையில ஒரு அடி போடுவா. சின்னவதான், ஆனா எனக்கு வாத்தியார் அவதான்.

சைகைல ஒருத்தர் பேரை எழுத்து எழுத்தாச் சொல்லிட்டிருக்க மாட்டாங்க. ஆளுக்கொரு அடையாளம் வச்சிடுவாங்க. என் தங்கச்சிக்கு, தாடையில குழி விழும், அங்க ஒரு விரல் வைக்கணும், அவ்வளவுதான், அதுதான் அவ. எனக்கு, ரெண்டு புருவத்துக்கும் நடுவுல விரலை வச்சு ஒரு சுருக்கு. எப்பவும் மூஞ்சியைச் சுருக்கிட்டே இருக்கேனாம், அவ வச்ச பேரு. பழைய பாஸ்டருக்கு வயித்தைத் தடவணும். உங்களுக்கா? சொல்ல மாட்டேன் போங்க. சரி, சட்டைக் கையை இழுத்து விட்டுக்கறது. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இழுத்து விடுவீங்க, உங்களுக்கே தெரியாது. இப்பக்கூட பாருங்க.

அவ பிஸ்கட் கம்பெனியில பாக்கெட் ஒட்டற இடத்துல வேலை பாத்தா. அந்த மெஷின் சத்தத்துல அஞ்சு வருஷத்துல எல்லாருக்கும் காது மந்தமாயிடும், எனக்கு மட்டும் போறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சிரிப்பா. அவளுக்கு நாக்கு இல்லையே தவிர நக்கலுக்குக் குறைச்சல் இல்ல.

அவளைக் கூட்டிட்டு நான் சபைக்கு வருவேன். அவ பக்கத்துல உக்காந்து மடி மேலயே சின்னதா கையை ஆட்டிச் சொல்லிட்டிருப்பேன். பின்னாடி இருந்து ஒருத்தர் பாத்துட்டுப் போய், பழைய பாஸ்டர் என்னை முன்னாடி நிக்கச் சொன்னாரு. அப்புறம் கார்பெண்டர் வந்தாரு, அவர் சம்சாரம் வந்துச்சு, ரெண்டு பேருக்குமே காது கேக்காது. பேக்கரிக்காரம்மா வந்துச்சு. தங்கச்சியோட சேர்த்து நாலு பேர். முன்வரிசை, இடது பக்கம். நான் அந்த ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல அவங்களைப் பாத்து நிப்பேன். நீங்க வாயால சொல்றதெல்லாம் என் கை வழியா அவங்களுக்குப் போகும். பாட்டும் அப்படித்தான், ஜெபமும் அப்படித்தான், இருமல்கூட சொல்லிடுவேன். பாஸ்டருக்குச் சளின்னு.

உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூட சபையில கண்ணை மூடி ஜெபம் பண்ணினதில்ல. எல்லாரும் கண்ணை மூடிக்கலாம்னு நீங்க சொல்றதையும் நான் கண்ணைத் திறந்து வச்சுட்டுத்தானே சொல்லணும். நான் கண்ணை மூடினா நாலு பேர் எங்க வந்து நிக்கறோம்னு தெரியாம நிப்பாங்க. அவங்களும் மூட முடியாது, மூடினா என் கை தெரியாது. நானூறு பேர் கண்ணை மூடியிருக்கும்போது நாங்க அஞ்சு பேர் மட்டும் முழிச்சிட்டிருப்போம். எவ்வளவு பேர் கொட்டாவி விடறாங்க, யார் செல்போனைப் பாக்கறாங்க, உங்க செயலாளர் எங்க சொறிஞ்சுக்கறாருன்னு எனக்கு அத்துப்படி. பயப்படாதீங்க, யார்கிட்டயும் சொன்னதில்ல.

அதே மாதிரிதான் கையும். பாட்டு நடக்கும்போது எல்லாரும் கையை உசத்துவாங்க. பாக்க நல்லா இருக்கும். எனக்கு அந்தக் கை வேலைக்காரக் கை. ஆறு நாள் இங்க ஊசி பிடிக்கும், ஏழாம் நாள் அங்க. விரல் முட்டியெல்லாம் வீங்கிப் போயிடும் பாஸ்டர், திங்கக்கிழமை கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. வீட்டுல வெந்நீர்ல கையை வச்சுட்டு உக்காந்திருப்பேன். அவ வந்து எதிர்ல உக்காந்து பேசச் சொல்லிக் கூப்பிடுவா. எனக்குக் கை ஓஞ்சு போச்சுடின்னு தலையாலேயே சொல்லுவேன். இப்ப நினைச்சா, அந்த வெந்நீரைக் கொட்டிட்டு இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

என்ன சொல்லிட்டிருந்தேன். ஆமா, மூஞ்சி. சைகைல பாதிதான் கை, மீதிப் பாதி மூஞ்சி. நீங்க சந்தோஷமா இருக்கேன்னு வாயால சொல்லிட்டு மூஞ்சியை எப்படி வேணா வச்சுக்கலாம், பரவால்ல, பாதிப் பேர் நம்பிடுவாங்க. நாங்க அப்படிச் செய்ய முடியாது. கை சந்தோஷம்னு சொல்லி மூஞ்சி செத்துக் கிடந்தா அவங்களுக்கு அது சந்தோஷம் இல்ல, நக்கல். இல்லன்னா பொய். எனக்கு அலுப்பா இருக்கிற ஞாயித்துக்கிழமை, வீட்டுல ஏதாவது சண்டைன்னா, தங்கச்சி முன்வரிசையில இருந்தே சுண்டு விரலைத் தூக்குவா. தப்புன்னு அர்த்தம். கை ஒண்ணு சொல்லுது மூஞ்சி ஒண்ணு சொல்லுது, முதல்ல ரெண்டையும் சேர்த்துட்டு ஆரம்பின்னு. பாட்டு நடுவுல நான் மூச்சை இழுத்து விட்டு, நிஜமாவே ஆண்டவரை நினைச்சு, அப்புறம்தான் கையைத் தூக்குவேன். முழு மனசுன்னு நீங்க சொல்றீங்களே, அது இருந்தது. இல்லன்னு சொல்லல. அவ இருந்த வரைக்கும் இருந்தது. பொய் சொல்ல விடலையே அவ.

டீ சொல்லட்டுமா? வேணாமா. சரி.

அவ போய்ப் பத்து மாசம் ஆச்சு. அடக்கத்தன்னைக்கு நீங்கதான் ஜெபம் பண்ணினீங்க, நல்லாத்தான் பண்ணினீங்க. அன்னைக்கு நான் கையைத் தூக்கல, கார்பெண்டரோட பையன், காது கேக்கறவன், வெளியூர்ல இருந்து வந்து அவங்களுக்குச் சொன்னான். ரெண்டு ஞாயித்துக்கிழமை நான் வரல. மூணாவது வாரம் வந்தேன். வீட்டுல உக்காந்து சுவரைப் பாக்கறதுக்கு அங்க போய் நிக்கலாம்னுதான். அவ நாற்காலியில யாரோ குடையை வச்சிருந்தாங்க.

பாட்டு முடிஞ்சு நீங்க ஜெபத்துக்கு வந்தீங்க. எங்க அக்காவுக்கு இந்தத் துக்கத்துலயும் பூரண சமாதானத்தைக் குடுத்தீரே, அதுக்காக ஸ்தோத்திரம்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? எல்லாரும் ஆமென்னு சொன்னாங்க. நல்ல மனசோட சொன்னீங்க, குத்தம் சொல்லல. ஆனா அதை நான்தானே கையால சொல்லணும். எனக்குச் சமாதானம் கிடைச்சுதுன்னு நானே சொல்லணும். மூணு பேரும் என்னைப் பாத்துட்டிருக்காங்க. கை பாதியில நின்னு போச்சு. மூஞ்சியை ஒண்ணும் பண்ண முடியல பாஸ்டர். எவ்வளவோ இழுத்துப் பாத்தேன், வரல.

அப்புறம் கை தானாப் போச்சு. எனக்குச் சமாதானம் இல்ல. இவர் சொல்றது உண்மை இல்ல. அப்படித்தான் சொன்னேன். சொல்லிட்டு மேல பாத்தேன். ஆண்டவரே, நீர் அன்னைக்கு எங்க போயிருந்தீர், எனக்குச் சொல்லும், நான் உம்ம மேல கோவமா இருக்கேன்னு சொன்னேன். நீங்க ஜெபத்தை முடிக்கிற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன். அவ பேரையும் சொன்னேன். தாடையில விரல்.

இருங்க, முடிக்கலை. ஒரு நாளோட நின்னிருந்தா துக்கத்துல பெத்த பொம்பள உளறிட்டான்னு விட்டுடலாம். நான் அவளைப் பெத்தவ இல்லதான், ஆனா வளத்தவ. அது ஒரு நாளோட நிக்கல. அடுத்த வாரமும் அப்படித்தான். அதுக்கு அடுத்த வாரமும். இந்தப் பத்து மாசமா ஆராதனை நேரத்துல நீங்க சொன்ன ஜெபம் எதையும் நான் அவங்களுக்குச் சொல்லல.

பிரசங்கத்துல கையை வைக்கல. வேத வாசிப்புல ஒரு எழுத்து மாத்தல, அந்த அளவுக்கு எனக்குப் பயம் இருக்கு. அறிவிப்பெல்லாம் அப்படியே சொல்லிடுவேன். பாட்டும் ஜெபமும்தான். நீங்க நன்றின்னு சொல்லும்போது எனக்கு நன்றி வந்தா நன்றின்னு சொல்லுவேன், வரலன்னா வரலன்னு சொல்லுவேன். உம்மோட பேசப் பிடிக்கல, ஆனா வேற யார்கிட்ட போய்ப் பேசன்னு ஒரு வாரம். எனக்குத் தூக்கம் இல்ல, உமக்கும் தூக்கம் இல்லன்னு சொல்றாங்க, அப்ப ரெண்டு பேரும் முழிச்சிட்டுத்தானே இருக்கோம், ஒரு வார்த்தை பேசினா என்னன்னு ஒரு வாரம். ஒரு வாரம் ஒண்ணும் சொல்லல. கையை அப்படியே தொங்கவிட்டுட்டு அழுதேன். நீங்க எல்லாரும் கண்ணை மூடியிருந்தீங்க.

நானூறு பேர் நடுவுல, வெளிச்சத்துல நின்னுட்டு, ஒருத்தருக்கும் தெரியாம சாமியைத் திட்டின ஒரே ஆள் நான்தான். இதுக்குத்தான் கேடயம்.

அவங்க மூணு பேருக்குத் தெரியும். தெரியாம எப்படி. முதல் வாரம் ஆராதனை முடிஞ்சதும் நான் ஓடிடலாம்னு பாத்தேன். கார்பெண்டர் வாசல்ல நின்னுட்டாரு. உங்ககிட்ட சொல்லப் போறாருன்னு நினைச்சேன். அவர் என் கையை ரெண்டையும் பிடிச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான். எங்க ஆளுங்க கையைப் பிடிச்சா, பேசாத, போதும், நான் இருக்கேன்னு அர்த்தம். பேக்கரிக்காரம்மா அழுதுட்டிருந்துச்சு. என் புருஷன் விட்டுட்டுப் போய்ப் பன்னெண்டு வருஷம், அதைப்பத்தி ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை கோவமாக் கேக்கலாம்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிச்சு.

அப்புறம் எனக்கே மனசு உறுத்திச்சு. சபைக்குத் துரோகம் பண்றோமேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை ஒழுங்கா நின்னு, நீங்க சொன்னதை வார்த்தை பிசகாமச் சொன்னேன். மகிழ்ச்சி, ஜெயம், களிகூருதல், எல்லாம். உப்புச் சப்பில்லாம ஒரு மணி நேரம். முடிஞ்சதும் கார்பெண்டர் சம்சாரம் வந்து, உடம்பு சரியில்லையான்னு கேட்டுச்சு. இல்லையேன்னேன். பின்ன ஏன் இன்னைக்குப் பொய் சொன்ன, நாங்க வந்ததே நீ அவர்கிட்ட பேசறதைப் பாக்கத்தானேன்னு கேட்டுச்சு. சுண்டு விரலைத் தூக்கிக் காட்டுச்சு பாஸ்டர். என் தங்கச்சி தூக்குற மாதிரியே.

நீங்க அடிக்கடி சொல்வீங்களே, முன்வரிசையில எழுப்புதல் வந்துருக்குன்னு. மூணு பேர் பதினோரு பேர் ஆயிட்டாங்க, என்னோட சபையில காது கேக்காதவங்க பெருகறாங்கன்னு மேலிடத்துக்கே எழுதினீங்க. எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. கார்பெண்டர் போய் அவங்க ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்காரு. அங்க ஒரு அம்மா இருக்கு, மூஞ்சியைச் சுருக்கிட்டு ஆண்டவர்கிட்ட நேருக்கு நேரா நியாயம் கேக்குது, வந்து பாருங்கன்னு. அப்படி வந்தவங்கதான் இந்த எட்டு பேர். வெறுமனே வேடிக்கை பாக்க வரலைங்க. அவங்கவங்க வீட்டுல அவங்களுக்கு யார் இருக்கா பேச? பெத்த தாய்க்கே சைகை தெரியாது பாதிப் பேருக்கு. இப்ப நான் கையைத் தூக்கினா அவங்களும் தூக்கறாங்க. அவங்க கஷ்டத்தை அவங்களே சொல்றாங்க. நான் எடுத்துக் குடுக்கறது ஒரு வரிதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசு கஷ்டப்படாதீங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீங்க நீளமா ஒரு ஜெபம் பண்ணி முடிச்சதும் அந்த வரிசை மொத்தமும் ரெண்டு கையையும் மேல தூக்கிப் படபடன்னு ஆட்டினாங்களே. அது அவங்க கைதட்டல், ஆமென் எல்லாம் அதுதான். நீங்க மைக்கைக் கீழ வச்சுட்டுக் கண்ணைத் துடைச்சிக்கிட்டீங்க. அது உங்க ஜெபத்துக்கு இல்லைங்க. பேக்கரிக்காரம்மா எந்திரிச்சு நின்னு, பன்னெண்டு வருஷமா நான் உமக்கு நல்ல பிள்ளையாவே நடிச்சேன், இனிமே என்னால முடியாது, என்னை இப்படியே எடுத்துக்கும்னு சொன்னதுக்கு.

சிரிச்சுட்டீங்க. அப்பாடா. நான் அடிப்பீங்கன்னு நினைச்சேன்.

அதனாலதான் வீடியோ வேணாம்னு சொன்னேன். நீங்க என்னை நிறுத்தணும்னா நிறுத்திடுங்க, உங்க சபை, உங்க பொறுப்பு. ஆனா யாராவது ஒருத்தரைக் கொண்டு வந்து அங்க நிறுத்துங்க. சும்மா விட்டுடாதீங்க, அந்தப் பதினோரு பேர் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கக் கூடாது. நீங்களே ஒரு நாள் சொன்ன வார்த்தைதான் இது. மறந்துட்டீங்களா? எனக்கு மறக்கல.

அவ செத்த அந்த வாரம்தாங்க. தங்கச்சி ஆஸ்பத்திரியில இருந்தா. நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்குதுன்னு வியாழக்கிழமை சேர்த்தோம். சனிக்கிழமை டாக்டர் பாத்துட்டுத் தேவலைன்னாரு. சாயங்காலம் நீங்க போன் பண்ணினீங்க. வெளியூர்ல இருந்து ஆள் வர்றாங்க, பெரிய ஆராதனை, நீங்க வரலன்னா அந்த வரிசை வெறும் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கும் அக்கா, ஆஸ்பத்திரியில கர்த்தர் பாத்துக்குவாருன்னு சொன்னீங்க. ஐயோ, அதுக்கு ஏன் தலையைக் குனியறீங்க. நிமிருங்க. நீங்க சொன்னதுக்காக நான் போகல. அவகிட்ட கேட்டேன். போடி, அவங்களுக்கு யார் சொல்லுவா, எனக்கும் சேர்த்துப் பாடிட்டு வான்னு அவதான் அனுப்பினா. தேவலைன்னு அவளே சொன்னா. மூஞ்சியைப் பாத்தேன், மூஞ்சியும் அதைத்தான் சொல்லிச்சு.

ஒரு அட்டையில பெருசா எழுதிக் கட்டில்ல மாட்டிட்டுத்தான் போனேன். இவங்களுக்குக் காது கேக்காது, எழுதிக் காட்டுங்க, பேனா தலைமாட்டுல இருக்குன்னு. ராத்திரி வேலை பாத்த நர்ஸ் படிச்சுட்டுத் தலையாட்டிச்சு. காலையில ஆள் மாறிட்டாங்க. அந்த அட்டை கட்டிலுக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு, நான் திரும்பி வந்து குனிஞ்சப்பதான் பாத்தேன்.

இந்தாங்க, ஒரு கால் முடிஞ்சது. இன்னொண்ணு அஞ்சு நிமிஷம்.

இல்ல, இதை யார்கிட்டயும் சொல்லல. அந்த மூணு பேருக்கு மட்டும் கையால சொன்னேன். வாயால சொல்றது இதுதான் முதல் தடவை. அந்தப் புது நர்ஸ் மேல தப்பு இல்லைங்க, சின்னப் பொண்ணு, என்னைப் பாத்ததும் அதுவும் அழுதுடுச்சு. மூச்சு முட்டினதும் இவ கையை ஆட்டியிருக்கா. வேகமா ஆட்டியிருக்கா. என்னவோ சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணுக்கு அது பேச்சுன்னு தெரியல. புத்தி தடுமாறுது, ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிடுவாங்கன்னு நினைச்சு, ரெண்டு கையையும் ரெண்டு பக்கம் கட்டில் கம்பியோட சேர்த்துக் கட்டிட்டு டாக்டரைக் கூப்பிடப் போயிருக்கு. வலிக்கக் கூடாதுன்னு பஞ்சு வச்சு, நல்ல மெத்துன்னுதான் கட்டியிருந்துச்சு. முடிச்சு சுலபமான முடிச்சு. நான்தான் அவிழ்த்தேன். மணிக்கட்டுல ரெண்டுலயும் சிவப்பாக் கோடு விழுந்திருந்துச்சு, அவ்வளவு இழுத்திருக்கா. என்ன சொல்ல வந்தான்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அதைத்தான் வாராவாரம் ஆண்டவர்கிட்ட கேக்கறேன். வேற ஒண்ணும் கேக்கலைங்க. அவருக்குத்தானே தெரியும், அவர் பாத்துட்டுத்தானே இருந்திருப்பாரு.

ஆஸ்பத்திரிச் சீட்டுல உயிர் போன நேரம் பத்து இருபதுன்னு எழுதியிருந்தாங்க. பத்து இருபதுக்கு நம்மகிட்ட மூணாவது பாட்டு. நீங்க மைக்கைப் பிடிச்சுட்டு, கட்டுகள் எல்லாம் அவிழ்ந்துச்சு, ரெண்டு கையையும் நல்லா உசத்துங்கன்னு சொன்னீங்க. நான் உசத்தினேன் பாஸ்டர். அன்னைக்கு அவளுக்கும் சேர்த்து, முழு மனசோடதான் உசத்தினேன்.